தலைச்சுற்றும் இஞ்சியும்: ஒரு மரபு மருந்தின் சான்றுகள் பற்றிய வரலாற்று நோக்கு

நமது மரபு வைத்தியம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுட் பெரும்பாலானவை இரண்டு வகையுள் அடங்கும். முன்னோர் கண்டறியாதது எதுவுமில்லை என்ற பெருமிதத்தோடு தொடங்கி, மேனாட்டார் இன்று கண்டவை யாவும் நம் ஏடுகளில் என்றோ சொல்லப்பட்டுவிட்டன என முடிவது ஒரு வகை. ஆய்வுகூடத்தில் நிறுவப்படாத எதனையும் பாமரர் நம்பிக்கை என ஒதுக்கிவிடுவது மற்றைய வகை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றினும், சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்ளாமையில் இரண்டும் ஒத்தனவே. அச்சிரமத்தை ஒரே ஒரு மருந்தின் விடயத்திலேனும் மேற்கொள்ள முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்கொள்ளும் மருந்து இஞ்சி; நோய் தலைச்சுற்று. காலையில் எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என ஒருவர் கூறினால், "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று சொல்லி இஞ்சிச் சாற்றிலே தேனோ தேசிப்புளியோ கலந்து கொடுப்பது நம் வீடுகளிற் பழகிப்போன ஒன்று. நெடுந்தூரப் பஸ் பயணத்துக்குப் புறப்படுபவரின் மடியில் ஓர் இஞ்சித் துண்டை முடிந்துவிடும் தாய்மாரும் உளர். இவ்வழக்கத்துக்கு ஆதாரம் யாது? அவ்வாதாரம் எத்துணை வலியது?

இவ்வினாக்களை ஆராய்வதற்கான அளவுகோல்களை அயலிடத்தே தேடவேண்டியதில்லை. சைவசித்தாந்த நூலார் அறிவுக்கு வாயில்களாகக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டனர். சரக சங்கிதை மருத்துவப் பரிசோதனைக்கு ஆப்தவாக்கியம், பிரத்தியட்சம், அனுமானம், யுக்தி என நான்கினை வகுத்தது. மருத்துவ அறிவு நம்பிக்கையால் மட்டும் நிலைபெறாது, அளவையால் நிறுவப்படல் வேண்டும் என்ற எண்ணம் நம் மரபின் உள்ளேயே இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனவே உரை, கருதல், காண்டல் என்ற ஒழுங்கிலேயே இஞ்சிக்குரிய சான்றுகளையும் நோக்குவோம். அதற்கு முன்னர்த் தெளிவாக்கப்பட வேண்டிய சொல் ஒன்றுண்டு.

எது தலைச்சுற்று?

தலைச்சுற்று, கிறுகிறுப்பு, மயக்கம் என்னும் சொற்களைப் பேச்சுவழக்கில் நாம் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குகிறோம். ஆயின் அவற்றாற் குறிக்கப்படும் நிலைகள் பல. அசையாது நிற்கும் சுவரும் கூரையும் சுழல்வது போலத் தோன்றுவது ஒன்று. படுக்கையிலிருந்து எழும்போது கண் இருண்டு விழப்போவது போன்ற உணர்வு பிறிதொன்று. நடக்கையிற் கால் தள்ளாடுவது இன்னொன்று. வண்டியிலோ வள்ளத்திலோ செல்கையில் வயிற்றைக் குமட்டி, வாயூறி, வியர்த்து, தலை கிறங்குவது மற்றுமொன்று. இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. ஆகவே "தலைச்சுற்றுக்கு இஞ்சி நல்லதா?" என்ற வினா, எந்தத் தலைச்சுற்றுக்கு என்று கேட்கப்படும் வரையில் விடையளிக்க முடியாத வினாவாகும்.

இவ்வகைமயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், திடீரென வரும் தலைச்சுழற்சி மூளையில் இரத்தம் தேங்குவதால் விளைவது என்றே வைத்தியர் பலர் கருதினர். பிரான்சிய உடலியலாளர் புளூரென்ஸ் 1824ஆம் ஆண்டளவில் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களைச் சிதைத்து, அவை நிலைதடுமாறிச் சுழல்வதைக் கண்டார். 1861இல் புரொஸ்பர் மெனியர், செவிடும் காதிரைச்சலும் கூடிய தலைச்சுழற்சிக்கு இருப்பிடம் உட்செவியே எனப் பாரிசு மருத்துவக் கழகத்தில் எடுத்துரைத்தார். வியன்னாவிற் பணியாற்றிய ரொபேட் பாரனி, செவியினுள் சூடான அல்லது குளிர்ந்த நீரைச் செலுத்தினால் உட்செவித் திரவம் அசைந்து தலைச்சுற்று உண்டாவதையும், அவ்வேளை கண்மணிகள் ஒரு பக்கமாக ஓடி ஓடி மீள்வதையும் ஒழுங்குபட ஆராய்ந்து 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசினைப் பெற்றார். நோயாளியின் வாய்மொழியாக மட்டும் இருந்த ஒரு துன்பம், இவ்வாறு வேண்டும்போது உண்டாக்கி அளந்தறியக்கூடிய ஒன்றாயிற்று. இஞ்சி பற்றிய பிற்காலச் சோதனைகள் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தன.

உரை

இஞ்சியின் தொன்மையில் ஐயமில்லை. பட்டினப்பாலை சோழநாட்டு வளம் கூறுமிடத்துத் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள் ஆகியவற்றோடு இஞ்சியையும் வைத்துப் பேசுகின்றது. பாளியிற் 'சிங்கிவேர' எனவும், கிரேக்கத்திற் 'சிங்கிபெரிஸ்' எனவும் வழங்கும் பெயர்களின் அடியில் இஞ்சியும் வேரும் கூடிய தென்னாட்டுச் சொல் ஒன்றே உள்ளதென மொழியியலாளர் பலர் கருதுவர். சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றன் கூட்டாகிய திரிகடுகம் ஓர் அறநூலுக்குப் பெயராகும் அளவுக்குத் தமிழர் வாழ்வில் ஊன்றியிருந்தது.

ஆயினும் ஒரு பொருளின் தொன்மை வேறு, அது ஒரு குறித்த நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்றின் தொன்மை வேறு. கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டினரான கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடீஸ் இஞ்சியை வெப்பமூட்டுவது, செரிமானத்துக்கு உதவுவது, வயிற்றை மெல்ல இளக்குவது, இரைப்பைக்கு நல்லது என்றே போற்றினார். ஆயுர்வேத நூல்களும் சுக்கைப் பற்றிப் பேசும்போது பசித்தீயைத் தூண்டுதல், செரியாமையைப் போக்குதல் என்பவற்றையே முதன்மைப்படுத்துகின்றன. தலைச்சுற்றினைப் 'பிரமம்' எனக் குறிப்பிடும் சுசுருத சங்கிதையும் மாதவ நிதானமும், அது இரசோகுணமும் பித்தமும் வாதமும் கூடுவதால் விளைவதென்பர். நமது நாட்டில், யாழ்ப்பாண மன்னர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் முக்குற்றக் கோட்பாட்டின் வழிநின்று நோய்களை வகுப்பவை. இந்நூல்களெல்லாம் நோயையும் கூறுகின்றன, இஞ்சியையும் கூறுகின்றன. ஆனால் தலைச்சுற்று எனும் ஒரு நோய்க்கு இஞ்சி எனும் ஒரு பொருளே போதும் என்பது வீட்டு வைத்தியத்தின் சுருக்கமேயன்றி நூல் வைத்தியத்தின் முறையன்று. நூல்வழி வைத்தியர் நாடி பார்த்து, குற்றம் எதுவெனத் தேர்ந்து, பல சரக்குகளைக் கூட்டியே மருந்து செய்தனர்.

உரைச் சான்றினைக் கையாள்கையில் எழும் வழுவுக்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பதூதா, மலையாளக் கரையிற் கண்ட சீனக் கப்பல்களைப் பற்றி எழுதுகையில், மாலுமிகள் மரத்தொட்டிகளிலே கீரைகளையும் காய்கறிகளையும் இஞ்சியையும் வளர்த்தனர் என்கிறார். கடற்பயணத் தலைச்சுற்றுக்கு இஞ்சி பயன்பட்டது என்பதற்கு இக்குறிப்பைச் சான்றாகக் கொள்ளும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அவர் அவ்வாறு சொல்லவில்லை. கறிக்காகவும் வளர்த்திருக்கலாம். மூலத்தில் இல்லாத காரணத்தை மூலத்தின் மீது ஏற்றிவிட்டுப் பின்னர் அதனையே ஆதாரமாகக் காட்டுதல் வரலாற்று மாணவன் முதலிற் கைவிட வேண்டிய பழக்கமாகும்.

கருதல்

இனி, கோட்பாட்டின் வழி அனுமானித்தலை நோக்குவோம். தலைச்சுற்று பித்தத்தால் வருவது; பித்தம் வெப்ப இயல்பினது. இஞ்சியோ கார்ப்புச் சுவையும் வெப்ப வீரியமும் உடையது. வெப்பத்தால் வந்த நோயை வெப்பப் பொருள் எவ்வாறு தணிக்கும்? இவ்வினாவுக்கு மரபிலே விடைகள் உண்டு. இஞ்சி செரித்தபின் இனிப்பாக மாறுவதாற் பித்தத்தைத் தணிக்கும் என்பது ஒன்று. தலைச்சுற்றுக்கு வேராக நிற்பது செரியாமையே; அதனை நீக்கினாற் பித்தம் தானே அடங்கும் என்பது மற்றொன்று. இவை அறிவுக்கு ஒவ்வாத விடைகள் அல்ல. ஆயினும் இஞ்சி தலைச்சுற்றை அதிகரிக்கும் என மரபு கூறியிருந்தால், அதனையும் இதே கோட்பாட்டைக் கொண்டு எளிதாக விளக்கியிருக்கலாம். எதிரெதிரான இரண்டு முடிவுகளையும் விளக்கவல்ல கோட்பாடு, இரண்டில் எது உண்மை என்று தெரிவிக்க மாட்டாது.

இக்குறை பழைய கோட்பாட்டுக்கு மட்டும் உரியது எனக் கொள்ளலாகாது. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரோல், சோகயோல் ஆகிய சேர்வைகள், வாந்தியைத் தூண்டும் செரற்றோனின் ஏற்பிகளைத் தடுப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இதனைக் கொண்டு "இஞ்சியின் ஆற்றல் விஞ்ஞானரீதியாக நிரூபிக்கப்பட்டுவிட்டது" எனப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. இதுவும் கருதலே. சோதனைக் குழாயில் நிகழ்வது மனித உடலில் அதே அளவில் நிகழும் என்பதற்கு உறுதியில்லை. பித்தம் என்பதன் இடத்தில் ஏற்பி என்ற சொல்லை இட்டுவிடுவதால் அனுமானம் காட்சியாகிவிடாது.

காண்டல்

"நான் குடித்தேன், சுகம் வந்தது" என்பதே மக்களிடையே பெரிதும் வழங்கும் சான்று. இதனை இகழ்தல் தகாது. மருந்துகள் பலவற்றின் தொடக்கம் இத்தகைய அனுபவமே. ஆனால் தலைச்சுற்று, அனுபவத்தை ஏமாற்றுவதில் ஏனைய நோய்களிலும் வல்லது. பயணத்தால் வருவது பயணம் முடிந்ததும் நீங்கும். உட்செவியால் வருவது பெரும்பாலும் வந்து வந்து போகும். துன்பம் உச்சத்தில் இருக்கும்போதே மனிதன் மருந்தை நாடுகிறான். உச்சத்திற்குப் பின் இறக்கம் இயல்பாகவே நிகழ்கிறது. அவ்விறக்கத்தின் புகழ் இறுதியாகக் குடித்த மருந்தைச் சேர்கிறது.

இவ்வேமாற்றத்திலிருந்து தப்பும் வழி ஒப்புநோக்கலாகும். 1747இல் ஆங்கிலக் கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், சொறிகரப்பான் நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளை அளித்து, தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்றவர்களே விரைவிற் தேறினர் எனக் கண்டமை இவ்வழியின் பெயர்பெற்ற தொடக்கம். 1948இல் வெளிவந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் காசநோய்ச் சோதனை, யாருக்கு எம்மருந்து என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாது எழுமாற்றாகத் தீர்மானிக்கும் முறையை நிலைநாட்டியது.

இஞ்சி இச்சோதனைக் களத்துக்கு வந்தது 1982இல். மோரி, கிளேசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், பயணக் குமட்டல் எளிதில் வரும் இயல்புடைய 36 மாணவ மாணவியருக்கு இஞ்சித் தூள் 940 மில்லிகிராம், அல்லது டைமென்ஹைட்ரினேற் என்ற வழக்கமான மருந்து 100 மில்லிகிராம், அல்லது வேறொரு பூண்டின் தூளாகிய போலி மருந்து கொடுத்து, கண்களைக் கட்டிச் சுழல் நாற்காலியில் இருத்தினர். மற்றைய இரு குழுவினருள் ஒருவரேனும் ஆறு நிமிடம் தாக்குப்பிடிக்கவில்லை. இஞ்சி உண்டவர்களிற் பாதிப்பேர் தாக்குப்பிடித்தனர். 'லான்செற்' இதழில் வெளிவந்த இம்முடிவு பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் ஒரு குழுவிற்குப் பன்னிருவர் என்பது சிறு தொகை. மருந்து உட்கொண்டு 25 நிமிடங்களிலேயே சுழற்றியமையால் டைமென்ஹைட்ரினேற்றுக்குத் தன் ஆற்றலை முழுதும் காட்ட அவகாசம் கிட்டியதா என்ற ஐயமும் எழும்.

1986இல் டென்மார்க்கில் குரொன்ற்வெட், ஹென்ற்சர் ஆகியோர் பாரனியின் முறையைப் பயன்படுத்தினர். நலமுள்ள எட்டுப்பேருக்கு, உண்போரும் கொடுப்போரும் அறியாவண்ணம், ஒரு முறை இஞ்சியும் ஒரு முறை போலி மருந்தும் கொடுத்துச் செவியில் நீர் செலுத்தித் தலைச்சுற்றை உண்டாக்கினர். இஞ்சி உண்டபோது தலைச்சுற்று உணர்வு குறைந்தது. ஆனால் கண்மணிகளின் ஓட்டத்தில் மாற்றமில்லை. உட்செவி எழுப்பிய தூண்டல் அவ்வாறே இருக்க, அதனால் விளைந்த துன்பம் மட்டும் தணிந்தது என்பது இதன் பொருள். இரு ஆண்டுகளின் பின்னர் அதே குழுவினர் கடும் அலைகளினூடே முதன்முறை பயணித்த 80 கடற்படைப் பயிலுநரை ஆராய்ந்தனர். ஒரு கிராம் இஞ்சி, வாந்தியையும் குளிர் வியர்வையையும் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. குமட்டலும் தலைச்சுற்றும் சற்றே குறைந்திருந்தன. எனினும் அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே.

மறுப்புச் சான்றுகளும் உள. ஜேர்மனியைச் சேர்ந்த ஹொல்ற்மன் குழுவினர் 1989இல், உட்செவிச் சமநிலைத் தொகுதியிலோ கண்ணசைவுத் தொகுதியிலோ இஞ்சி மாற்றம் எதனையும் விளைக்கவில்லை எனவும், பயன் ஏதும் இருப்பின் அது இரைப்பை குடல் வழியே வரவேண்டும் எனவும் கூறினர். 1991இல் ஸ்ருவேட் என்பாரும் துணைவரும் 28 பேரிடம் நடத்திய சுழல் நாற்காலிச் சோதனையில், பச்சை இஞ்சியோ தூளோ பயணக் குமட்டலைத் தடுக்கவில்லை. ஸ்கோபொலமின் என்ற மருந்தே தடுத்தது. ஆயின் குமட்டலின்போது இரைப்பையில் எழும் முறையற்ற துடிப்பை இஞ்சி ஓரளவு அடக்கியது. 2003இல் 13 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், ஒரு கிராமும் இரண்டு கிராமும் கொடுத்தபோது குமட்டலும் அவ்விரைப்பைத் துடிப்பும் குறைந்தன.

மதிப்பீடு

இச்சோதனைகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து முரண்பாடுகளினூடே ஒரு தொடர்ச்சி புலப்படுகின்றது. இஞ்சி உட்செவியைத் தொட்டதாக எவரும் காட்டவில்லை. அது வயிற்றைத் தொடுகிறது என்பதற்கே சான்றுகள் மீண்டும் மீண்டும் கிடைக்கின்றன. கர்ப்பகால மசக்கைக் குமட்டலில் இஞ்சி ஓரளவு பயன்படுவதாகக் காட்டிய ஆய்வுகளும் இதற்கு இயைவனவே. ஆகவே, குமட்டலோடு கூடிய பயணத் தலைச்சுற்றில் இஞ்சி சிலருக்கு ஓரளவு உதவக்கூடும். சுழற்சியாகிய தலைச்சுற்றை அது தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

இவ்விடத்தில் மீண்டும் உரைக்குத் திரும்புதல் பயனுடையது. டயஸ்கொரிடீசும் ஆயுர்வேத நூலாரும் இஞ்சிக்கு முதலிற் கூறிய பணி யாது? செரிமானமும் இரைப்பையுமே. சோதனைகள் பழைய நூல்களைப் பொய்ப்பித்துவிடவில்லை. அவற்றின் மீது பின்னர் ஏறிய வீட்டு வழக்கையே திருத்தியுள்ளன. இஞ்சி வேறு, சுக்கு வேறு எனப் பழையோர் பிரித்தமையும் வெறும் சொல்வேறுபாடு அன்று. இஞ்சி உலரும்போது அதன் ஜிஞ்சரோல் நீரிழந்து சோகயோலாக மாறுகின்றது. தூளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவை இஞ்சிச் சாற்றுக்கு அப்படியே ஏற்றிக் கூறமுடியாது என்பதை வீட்டுப் பெண்களின் சொல்வழக்கே நமக்கு உணர்த்தவல்லது.

நடுநிலை கருதி மேனாட்டு மருந்தொன்றையும் இதே தராசில் இடுதல் வேண்டும். மெனியர் நோய்க்கு உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கப்படும் பீற்றாஹிஸ்ரின் என்ற குளிகையை ஜேர்மனியில் 221 நோயாளரிடம் ஒன்பது மாதம் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டனர். குறைந்த அளவு பெற்றோர், கூடிய அளவு பெற்றோர், போலி மருந்து பெற்றோர் ஆகிய மூன்று குழுவினருக்கும் தலைச்சுற்று ஒரே விதமாகவே குறைந்தது. தானே தணியும் நோயின் புகழை மருந்து பெற்றுக்கொள்வது கசாயத்துக்கு மட்டும் நேர்வதன்று.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சர்ச்சை அன்று. படுக்கையிற் புரளும்போது உலகே சுழல்வதாகக் கூறும் முதியவள் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவளுக்கு உள்ளது, உட்செவியின் நுண்கற்கள் இடம்பெயர்ந்து கால்வாயினுட் புகுந்தமையால் வரும் தலைச்சுழற்சியாக இருக்கலாம். 1952இல் டிக்ஸ், ஹோல்பைக் ஆகியோர் அதனை இனங்காணும் முறையைத் தந்தனர். 1992இல் எப்லி விளக்கிய, தலையைப் படிப்படியாகத் திருப்பும் முறையால் மருந்தேதுமின்றிச் சில நிமிடங்களிலேயே அது பெரும்பாலும் தீரும். எழும்போது கண் இருள்வது இரத்தச்சோகையின் அறிகுறியாகலாம். திடீரென வந்த தலைச்சுற்றோடு பேச்சுக் குழறுதல், முகம் கோணுதல், கைகால் வழங்காமை என்பன சேர்ந்தால் அது பாரிசவாதமாகலாம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி வாய்ந்தது. இவர்கள் யாவருக்கும் "பித்தம்" என்ற ஒரே பெயரைச் சூட்டி இஞ்சிச் சாறு கொடுப்போமாயின், கெடுதி செய்வது இஞ்சியன்று. அதனால் நாம் இழக்கும் காலமே. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது திருக்குறள் மருந்து அதிகாரத்தின் கருத்துமாகும்.

1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவக் கல்வி தொடங்கப்பட்டமையால், நமது மரபு மருந்துகளை நம் மொழியறிந்தோரே ஆராயும் வாய்ப்பு உண்டாயிற்று. அவ்வாய்ப்பு பயன்தர வேண்டுமாயின் தமிழ் மாணவரும் மருத்துவ மாணவரும் கூடிச் செய்யவேண்டியவை மூன்றுள. ஏடுகள் உண்மையிற் கூறுவது யாது என்பதைப் பாடபேதங்களுடன் துணிதல் ஒன்று. பிரமம், கிறுகிறுப்பு, மயக்கம் என்பவற்றால் வைத்தியர் குறித்த நிலைகள் எவை என்பதை நோயாளர் குறிப்புகளைக் கொண்டு வரையறுத்தல் இரண்டாவது. அவ்வாறு தெளிந்த கூற்றினை, தோல்வியுறவும் இடமுள்ள நேர்மையான சோதனைக்கு உட்படுத்தல் மூன்றாவது. சோதனையில் வென்ற மருந்தை எந்த நாட்டு வைத்தியரும் ஏற்பர். தோற்றதைக் கைவிடுவதால் மரபுக்கு இழுக்கு நேர்ந்துவிடாது. காண்டலையும் கருதலையும் உரையையும் அளவைகளாக வகுத்துத் தந்த முன்னோர், தம் கூற்றுகளுக்கு மட்டும் அவற்றினின்று விலக்குக் கேட்டாரல்லர்.